ஊருக்கு ஒரு வேலை, வேலைக்கு ஒரு நேரம்: குடும்பத்தோடு சின்ன ஊர்களைச் சுற்றிவர ஒரு முழு வழிகாட்டி

"இங்க பாக்குறதுக்கு என்ன இருக்கு?" என்று சின்ன ஊர்களில் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "இங்க என்னங்க இருக்கு? ஒரு கோயில் இருக்கு, அவ்வளவுதான்." தினமும் கண்ணில் படும் ஒன்றை வெளியூர்க்காரர் மெனக்கெட்டு வந்து பார்ப்பார் என்று யாருக்கும் தோன்றாது. அதே ஆளிடம் "இந்த ஊர்ல என்ன வேலை நடக்குது, எத்தனை மணிக்குப் போனா பாக்கலாம்?" என்று கேட்டுப் பாருங்கள். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டி வழி சொல்ல ஆரம்பித்துவிடுவார்.

இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு அரையாண்டு விடுமுறையில் ஐந்து நாள் சுற்றினோம். நான், கணவர், 11 வயது மகள், 7 வயது மகன், 68 வயது மாமியார். மதுரையில் கிளம்பி ஸ்ரீவில்லிபுத்தூர், சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி, கழுகுமலை, பத்தமடை, அம்பாசமுத்திரம், உடன்குடி, மணப்பாடு, எட்டயபுரம் என்று போய் மதுரைக்கே திரும்பும் வட்டம். மொத்தம் சுமார் 600 கிலோமீட்டர். கன்னியாகுமரிக்கும் திருச்செந்தூருக்கும் போகும்போது நாற்கர சாலையில் பெயர்ப்பலகையாக மட்டும் பார்த்துக் கடந்த ஊர்கள் இவை. நீங்களும் இதே வட்டத்தைப் போடலாம். அல்லது முறையை மட்டும் எடுத்துக்கொண்டு உங்கள் பக்கத்து ஊர்களுக்குப் பொருத்திக்கொள்ளலாம்.

1. பயணத்தை வீட்டு அலமாரியில் தொடங்குங்கள்

கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே பிள்ளைகளிடம் ஒரு வேலை கொடுங்கள். வீட்டில் இருக்கும் பொருள்களில் எந்த ஊரின் பெயர் அச்சிட்டிருக்கிறது என்று தேடச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் சுவரில் தொங்கிய காலண்டரின் அடியில் சிவகாசி இருந்தது. தீப்பெட்டியில் கோவில்பட்டி. அப்பளக் கட்டில் கல்லிடைக்குறிச்சி. கடலை மிட்டாய் பாக்கெட்டில் மறுபடியும் கோவில்பட்டி. மகள் ஒரு தாளில் ஊர்ப் பெயர்களை எழுதி, வரைபடத்தில் புள்ளி வைத்தாள். புள்ளிகளைச் சேர்த்தபோது பாதி வழி தானாகவே வந்துவிட்டது. பிள்ளைகள் தாங்களே கண்டுபிடித்த ஊருக்குப் போகும்போது "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்பது குறைந்துபோகிறது. இதை நான் நேரில் பார்த்தேன்.

மீதிப் பாதியைப் பெரியவர்கள் நிரப்ப வேண்டும். ஓர் ஊரைப் பட்டியலில் சேர்க்க நான் பார்ப்பது மூன்று: அந்த ஊருக்கென்று ஒரு கைத்தொழில், அங்கே மட்டும் கிடைக்கும் ஒரு தின்பண்டம், கதை சொல்லத்தக்க ஒரு பழைய இடம். மூன்றில் இரண்டு இருந்தால் போதும். புவிசார் குறியீடு பெற்ற பொருள்களின் பட்டியல் இதற்கு நல்ல துணை. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-லும் கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-லும் அது கிடைத்தது. பத்தமடைப் பாய் அதற்கும் முன்பே வாங்கிவிட்டது.

ஒரு நாளைக்கு இரண்டு ஊர், மிஞ்சிப்போனால் மூன்று. ஒரு நாளில் 150 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டாதீர்கள். கடைசி நாள், திரும்பி வருகிற நாள் என்பதால், அதற்கு மட்டும் விதிவிலக்கு.

2. மாதமும் மணியும்

டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை இந்தப் பக்கம் சுற்ற நல்ல காலம். வெயில் தாங்கும். டிசம்பர் என்றால் கிளம்பும் முன் வானிலை அறிவிப்பைக் கட்டாயம் பாருங்கள். வடகிழக்குப் பருவமழையின் வால் அப்போதும் இருக்கும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்கள் எப்படித் தவித்தன என்பது மறக்கக்கூடியதா? ஏப்ரல், மே மாதங்களில் கரிசல் காடு அனலாக அடிக்கும். ஆனால் பதநீர் குடிக்க வேண்டுமென்றால் கோடையில்தான் வர வேண்டும். இரண்டும் ஒரே பயணத்தில் கிடைக்காது. நாங்கள் உடன்குடிக்கு மட்டும் ஏப்ரலில் இன்னொரு முறை போனோம்.

கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் கூட்டம் திருச்செந்தூரில் நிரம்பி வழியும். கந்த சஷ்டி, தைப்பூசம், வைகாசி விசாகம் சமயத்திலும் அப்படித்தான். அந்த நாட்களில் அறை கிடைப்பது கடினம், கிடைத்தாலும் விலை எகிறும். முன்பதிவு செய்யும்போது "லிஃப்ட் இருக்கா, வேலை செய்யுதா, கார் உள்ள நிக்குமா, வெந்நீர் எத்தனை மணிக்கு?" என்று நாலு கேள்வியையும் கேட்டுவிடுங்கள். ஓர் ஊரில் முதல் கேள்வியை மட்டும் கேட்டேன், இரண்டாவதைக் கேட்கவில்லை. மாமியார் மூன்று மாடி படியேறினார். அன்று ராத்திரி அவர் முட்டிக்குத் தைலம் தேய்த்துவிட்டபடி, இனி வயதானவரைக் கூட்டிக்கொண்டு வரும்போது தரைத்தள அறை இல்லாத இடத்தில் தங்குவதில்லை என்று முடிவு செய்தேன்.

மணிக்கணக்கு இதைவிட முக்கியம். கோயில்கள் மதியம் 12 அல்லது 12.30-க்கு நடை சாத்தினால் மாலை 4 மணிக்குத்தான் திறக்கும். அந்த நான்கு மணி நேரம் சாப்பாட்டுக்கும் கார் ஓட்டுவதற்கும் உரியது. கைத்தொழில் எல்லாம் காலையில். மலை, கடற்கரை, தேரி என்கிற செம்மணல் மேடு எல்லாம் அதிகாலையில் அல்லது 4 மணிக்கு மேல். வெள்ளிக்கிழமை மதியம் பத்தமடைக்குப் போகாதீர்கள், நெசவாளர் குடும்பங்களில் தொழுகை நேரம் அது. ஞாயிற்றுக்கிழமை சிவகாசிக்குப் போகாதீர்கள், பெரும்பாலான அச்சகங்களுக்கு விடுமுறை.

3. காரில் ஏற்ற வேண்டியவை

மருந்து, துணிமணி எல்லாம் நீங்களே எடுத்து வைப்பீர்கள். அவற்றோடு இவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: பத்து, இருபது, ஐம்பது ரூபாய்த் தாள்கள் ஒரு கட்டு (கிராமத்தில் சிக்னல் இல்லாவிட்டால் கைபேசியில் பணம் போகாது), மூடி போட்ட இரண்டு தூக்குவாளி, பழைய செய்தித்தாள், ஒரு போர்வை, மண்வாரி ஒன்று. மண்வாரி எதற்கு என்பது நான்காம் நாளில் தெரியும். பாஸ்டேக்கில் பணம் இருக்கிறதா என்று முதல் நாள் ராத்திரியே பாருங்கள்.

பிள்ளைகளுக்கு ஊர்க்காசு கொடுங்கள். ஓர் ஊருக்கு ஆளுக்கு 100 ரூபாய். நிபந்தனை ஒன்றே ஒன்று: அந்த ஊரில் செய்த பொருளைத்தான் வாங்க வேண்டும். இந்த நிபந்தனையால் பையன் ஒவ்வொரு கடையிலும் "அண்ணே, இது இங்கயே செஞ்சதா?" என்று கேட்டான். கடைக்காரர்கள் அந்தக் கேள்விக்காகவே அவனை உள்ளே கூப்பிட்டுச் செய்யும் இடத்தைக் காட்டினார்கள்.

கழிப்பறை பெரிய கவலைதான், முக்கியமாகப் பெண்களுக்கு. நாற்கர சாலையில் பெட்ரோல் பங்க், ஊருக்குள் ரயில் நிலையம், இரண்டும் இல்லையென்றால் நாம் சாப்பிடும் ஓட்டல். ஊரை விட்டுக் கிளம்பும் முன் எல்லோரும் ஒரு முறை போய்வருவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

4. முதல் நாள்: ஸ்ரீவில்லிபுத்தூர், சிவகாசி

மதுரையிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் சுமார் 75 கிலோமீட்டர். 5.30 மணிக்குக் கிளம்பினால் வெயில் ஏறும் முன் கோயிலுக்குள் இருக்கலாம். நாங்கள் போனது மார்கழி. ஆண்டாள் பிறந்த ஊரில் திருப்பாவை காதில் விழுந்தபடி நடப்பதற்கு ஈடு கிடையாது. பதினொரு நிலைக் கோபுரத்தை முதலில் காட்டாதீர்கள். ரேஷன் கார்டில் இருக்கும் அரசு முத்திரையைப் பிள்ளைகள் கையில் கொடுத்து, "இதுல இருக்குற கோபுரம் எங்க இருக்குன்னு கண்டுபிடி" என்று சொல்லி அண்ணாந்து பார்க்க விடுங்கள். முத்திரையில் இருப்பது இந்தக் கோபுரம்தான் என்று ஊரே சொல்லும்.

ஆண்டாளின் கையில் இருக்கும் கிளியைக் கூர்ந்து பாருங்கள். தினமும் புதிதாகச் செய்கிறார்கள். மாதுளம்பூ அலகு, மரவள்ளி இலை உடம்பு. நேற்றைய கிளி இன்றைக்குக் கிடையாது. மகள் அந்தக் கிளியைப் பற்றி மட்டும் மூன்று நாள் பேசிக்கொண்டிருந்தாள்.

பால்கோவா வாங்குவதற்கு முன் அது கிண்டப்படுவதைப் பாருங்கள். கோயிலைச் சுற்றியுள்ள கடைகளில் பின்கட்டில் அடுப்பு இருக்கும். கேட்டால் காட்டுவார்கள். அகலமான இரும்பு வாணலி, விறகு அடுப்பு, பாலும் சர்க்கரையும், ஓயாமல் சுழலும் கரண்டி. பால் சுண்டச் சுண்டக் கரண்டியின் ஓசை மாறும். முதலில் சளசளவென்று இருப்பது, கடைசியில் வாணலியைச் சுரண்டும் கரகரப்பாகும். அந்த ஓசையை வைத்தே இறக்கும் பதம் தெரிந்துவிடும் என்றார் கிண்டிக்கொண்டிருந்த பெரியவர். சூடாக ஒரு கரண்டி இலையில் வைத்துத் தந்தார். பெட்டியில் அடைத்த பால்கோவாவுக்கும் அதற்கும் உறவுமுறை மட்டும்தான் ஒன்று. பயணத்தின் முதல் நாள் என்பதால் அரைக் கிலோவுக்கு மேல் வாங்காதீர்கள். இரண்டு நாளில் தின்று முடியுங்கள்.

சிவகாசி அங்கிருந்து 20 கிலோமீட்டர். பட்டாசு ஆலைக்குள் போகலாமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். கூடாது, கேட்கவும் வேண்டாம். அது ஆபத்தான இடம். வெளியாட்கள் நடமாட்டமே ஆபத்தை வளர்க்கும். காரில் பட்டாசு வாங்கி ஏற்றிக்கொண்டு ஐந்து நாள் வெயிலில் சுற்றுவதும் வேண்டவே வேண்டாம். சிவகாசியில் குடும்பத்தோடு பார்க்க வேண்டியது அச்சுத்தொழில். டிசம்பரில் போனால் காலண்டர் வேலையின் கடைசிக்கட்ட பரபரப்பு. அடுத்த வருடத்துக்கான காலண்டர் மாதிரிகளை ஆடிப்பெருக்கு அன்று பூஜை போட்டு வெளியிடுவது இங்கே வழக்கம். ஆடியில் தொடங்கும் வேலை மார்கழி வரை ஓடும். தெருவோரம் வெட்டி எறிந்த காகித விளிம்புகள் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். சிறிய அச்சகம் ஒன்றில் கதவோரம் நின்று பார்க்க அனுமதி கேட்டோம். முருகன் முகம் முதலில் மஞ்சளாகவும், அப்புறம் சிவப்பும் நீலமும் ஏறி முழு முருகனாகவும் வருவதைப் பையன் வாய் திறந்தபடி பார்த்தான். ஊர்க்காசில் ஒரு தினசரி காலண்டர் வாங்கினான்.

1920-களில் இந்த ஊரைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுவந்தார்கள். மழை பொய்க்கும் மண்ணில், வறண்ட காற்றையே மூலதனமாக மாற்றிய கதை அது. ராத்திரி சாப்பாட்டின்போது பிள்ளைகளுக்குச் சொல்ல ஏற்றது.

5. இரண்டாம் நாள்: சாத்தூர், கோவில்பட்டி, கழுகுமலை

சாத்தூரில் நீண்ட நேரம் வேண்டாம். காராச்சேவு ஒரு பொட்டலம், வெள்ளரிக்காய் நாலு. பேனா முள் செய்வதற்குப் பெயர் போன ஊர் இது என்பதை மட்டும் சொல்லிவைத்தேன். மை பேனாவே பிடித்திராத பிள்ளைகளுக்கு மாமியார் தன் பள்ளிக்கூடக் கதையை எடுத்துவிட்டார். கோவில்பட்டி வந்ததே தெரியவில்லை.

கோவில்பட்டியில் காலை 11 மணிக்குள் மிட்டாய் போடும் இடத்தில் இருங்கள். வறுத்துத் தோல் நீக்கிய கடலையைப் பாகில் கொட்டிக் கிளறி, பலகையில் சாய்த்து, உருளையால் தேய்த்துச் சமமாக்குவார்கள். ஆறுவதற்குள் கத்தி ஓட வேண்டும். கொஞ்சம் முந்தினால் இழுபடும், பிந்தினால் உடையும். அந்த இடைவெளி இரண்டு மூன்று நிமிடம்தான். கரிசல் மண்ணில் விளைந்த கடலை, நல்ல வெல்லம். இந்த இரண்டும்தான் ருசி என்றார்கள். வாங்கும்போது ஒரு துண்டை உடைத்துப் பாருங்கள். 'டக்' என்று ஒடிந்தால் சரி. பல்லில் ஒட்டினால் வேறு கடை பாருங்கள்.

மதியம் அறையில் எல்லோரும் தூங்குங்கள். இது கட்டாயம். ஏனென்றால் மாலை நடக்க வேண்டும்.

கழுகுமலை கோவில்பட்டியிலிருந்து 20 கிலோமீட்டர். இந்தப் பயணத்தில் ஓர் இடத்துக்கு மட்டும்தான் போக முடியும் என்றால் நான் இங்கேதான் போவேன். 3.30-க்குக் கிளம்பினால் 4 மணிக்கு அடிவாரம். பாறையில் வெட்டிய படிகள், மெதுவாக ஏறினால் கால் மணி நேரம். ஏற முடியாதவர்கள் கீழே கழுகாசலமூர்த்தி கோயிலில் இருக்கலாம். அதுவும் மலையைக் குடைந்த குடைவரைதான். மாமியார் அங்கே உட்கார்ந்துகொண்டார்.

மேலே வெட்டுவான் கோயில். கல் அடுக்கிக் கட்டியது இல்லை. மலையைச் சுற்றிலும் வெட்டி ஒதுக்கி, நடுவில் நின்ற ஒற்றைப் பாறையை உச்சியிலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கிக்கொண்டே வந்திருக்கிறார்கள். 8-ஆம் நூற்றாண்டு, பாண்டியர் காலம். விமானத்தின் உச்சி முழுமை பெற்றிருக்கிறது. கீழே வர வர உளிவேலை குறைந்து, அடிப்பகுதி வெறும் பாறையாகவே நிற்கிறது. பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. முடிந்த கோயிலில் எப்படிச் செய்தார்கள் என்பது மறைந்துவிடும், முடியாத கோயில் அதைத் திறந்து காட்டிக்கொண்டே இருக்கிறது. விமானத்தின் தென்புறம் தட்சிணாமூர்த்தியைத் தேடச் சொல்லுங்கள். மௌனமாக உபதேசிக்கும் வழக்கமான கோலத்தில் இருக்க மாட்டார், மிருதங்கம் வாசித்துக்கொண்டிருப்பார். கீழே பூதகணங்கள் சிரிக்கும், ஆளுக்கொரு முகம்.

ஏன் முடியவில்லை? ஊரில் ஒரு கதை உண்டு. மேலே சமணச் சிற்பங்களைச் செதுக்கியவர் அப்பன், கீழே கோயிலைச் செதுக்கியவன் மகன். மகனின் வேலையை ஊர் புகழ, பொறாமை தாங்காத அப்பன் உளியாலேயே அவனைக் கொன்றுவிட்டான் என்பார்கள். கதை கேட்டதும் என் பையன் அப்பாவின் கையை விட்டுவிட்டு என் பக்கம் வந்து நின்றான்.

இன்னும் கொஞ்சம் ஏறினால் அந்தச் சமணச் சிற்பங்கள். பாறை முகம் முழுக்க வரிசை வரிசையாகத் தீர்த்தங்கரர்கள், பார்சுவநாதர், பாகுபலி, அம்பிகை. பல உருவங்களின் கீழே வட்டெழுத்து. யார் செய்வித்தது, எந்த ஊர் என்று பொறித்திருக்கிறார்கள். குரத்தியார் என்று குறிப்பிடப்படும் பெண் ஆசிரியர்களின் பெயர்களும் அவற்றில் உண்டு. 1,200 வருடத்துக்கு முன்பு சின்னச் சின்ன ஊர்களிலிருந்து இந்த மலைக்கு வந்தவர்கள் தங்கள் ஊர்ப் பெயரைக் கல்லில் விட்டுப்போயிருக்கிறார்கள். சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது எழுத்துக்கள் நிழல் கட்டி எழும்பி நிற்கும். நண்பகலில் வந்தால் அவை தெரியாது, காலும் சுடும். இருட்டுவதற்கு அரை மணி முன்பே இறங்கிவிடுங்கள்.

6. மூன்றாம் நாள்: கயத்தாறு தொட்டு, பத்தமடை, அம்பாசமுத்திரம்

கோவில்பட்டியிலிருந்து நெல்லை போகும் நாற்கர சாலையில் முதலில் இடைசெவல். கு. அழகிரிசாமி, கி. ராஜநாராயணன் என்று சாகித்ய அகாதமி விருது பெற்ற இருவர் பிறந்த ஒரே கிராமம். வண்டியை நிறுத்தாவிட்டாலும் வேகத்தைக் குறைத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அப்புறம் கயத்தாறு. 1799 அக்டோபர் 16-ல் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட இடம். அங்கே நிற்கும் சிலையை 1970-ல் நிறுவியவர் நடிகர் சிவாஜி கணேசன். இருபது நிமிடம் போதும்.

பத்தமடை நெல்லையிலிருந்து சேரன்மாதேவி சாலையில் சுமார் 20 கிலோமீட்டர். இங்கே கடை தேடாதீர்கள், வீடு தேடுங்கள். பாய் நெசவு பெரும்பாலும் வீட்டுக்குள் நடக்கிறது. நெய்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். அதனால் உங்கள் வீட்டுப் பெண்கள் முதலில் போய்க் கேட்பது மரியாதை. நானும் மாமியாரும் ஒரு வாசலில் நின்று கேட்டோம். "உள்ள வாங்கம்மா, செருப்பு அங்கனயே கெடக்கட்டும்" என்றார் அந்த அக்கா. ஆண்கள் திண்ணையில் உட்கார்ந்தார்கள்.

தாமிரபரணிக் கரையில் விளையும் கோரையை வெயிலில் காயவைத்து, நார் நாராகக் கிழித்து, ஓடும் தண்ணீரில் பல நாள் ஊறப்போடுகிறார்கள். ஊறிய கோரை முடி மாதிரி மெலிந்துவிடும். தரையோடு தரையாகக் கட்டிய பாவு நூலில் ஒவ்வொரு கோரையாகக் கோத்து இழுக்கிறார். அவர் விரலின் ஓரத்தில் ஒரு தழும்பு, கோரை அறுத்தது. நயமான பட்டுப் பாய் ஒன்று முடிய வாரக்கணக்கில் ஆகும். முடிந்ததைத் துணி மாதிரி மடித்துக் கையில் வைத்துக்கொள்ளலாம். மணமக்கள் பெயரை நெய்து தருவதும் உண்டு. பாவு நூலைப் பிள்ளைகள் மிதிக்காமல், தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அறுந்தால் ஒரு நாள் வேலை வீண்.

இங்கே பேரம் பேசாதீர்கள். சாதாரணப் பாய் வாங்கினாலும் நெய்தவரின் கையிலிருந்து வாங்குங்கள். படம் எடுப்பதென்றால் கையையும் பாயையும் எடுக்கலாமா என்று கேளுங்கள். முகம் எடுக்க அவர்களாகச் சொன்னால் ஒழிய வேண்டாம்.

அங்கிருந்து அம்பாசமுத்திரம். சொப்புச் சாமான் செய்யும் கடைசல் பட்டறையைக் கேட்டுப் போங்கள். சுழலும் மரத்தில் உளி வைத்ததும் சின்னப் பானை பிறக்கும். அப்புறம் அரக்குக் குச்சியை அழுத்தினால் உரசும் சூட்டில் நிறம் உருகி மரத்தில் ஏறும். என் மகள் ஊர்க்காசு முழுவதையும் அம்மி, உரல், அடுப்பு என்று செலவழித்தாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கல்லிடைக்குறிச்சி. அப்பளம் வாங்கிக்கொள்ளலாம். ஆற்றில் குளிப்பதென்றால் படித்துறையில், ஊர்க்காரர்கள் குளிக்கும் இடத்தில் மட்டும். பாறையிடுக்கு நீச்சல் தெரிந்தவரையும் இழுத்துவிடும்.

ராத்திரி நெல்லையில் தங்கி, சுடச்சுட அல்வா நூறு கிராம் வாங்கி நின்றபடியே தின்னுங்கள்.

7. நான்காம் நாள்: தேரி, உடன்குடி, மணப்பாடு

நெல்லையிலிருந்து திருச்செந்தூர் 60 கிலோமீட்டர். இந்தப் பக்கம் வந்ததும் 'அண்ணே'யை விட்டுவிட்டு 'அண்ணாச்சி' என்று கூப்பிடுங்கள். வழி கேட்டால் பாதி தூரம் கூடவே வருவார்கள்.

காயாமொழி, குதிரைமொழிப் பக்கம் தேரிக்காடு. இரும்புச் சத்து படிந்து செக்கச் செவேலென்று மாறிய மணல், காற்று குவித்த மேடுகள், நடுவில் பனையும் முந்திரியும் உடைமரமும். கடல் சில மைல் தொலைவில் இருக்க, இங்கே ஒரு சிவப்புப் பாலைவனம். எட்டு மணிக்குள் போய்விடுங்கள், வெறுங்காலில் நடக்க விடுங்கள். காரைத் தார் ரோட்டைவிட்டு இறக்கவே கூடாது. நாங்கள் நிழலுக்காக இரண்டு அடி இறக்கினோம். பின்சக்கரம் அச்சுவரை புதைந்தது. ஆக்ஸிலரேட்டரை அழுத்த அழுத்த இன்னும் ஆழம் போனது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஓடி வந்து, "சாவிய அணைங்க தம்பி, மிதிக்காதீய" என்றார். சக்கரத்துக்கு முன்னால் மணலை வாரிவிட்டு, காய்ந்த பனை மட்டைகளைச் செருகி, டயரில் கொஞ்சம் காற்றையும் இறக்கச் சொன்னார். இரண்டாவது முயற்சியில் கார் ஏறிவிட்டது. மண்வாரி இருந்திருந்தால் அவர் கையால் வாரியிருக்க வேண்டியிருக்காது.

உடன்குடி கருப்பட்டிக்கு ஊர். பதநீர் இறக்கும் காலத்தில் விடியற்காலையில் வந்தால் பனையடியிலேயே பனையோலைப் பட்டையில் வாங்கிக் குடிக்கலாம். வெயில் ஏறினால் ருசி மாறிவிடும். பதநீரைக் காய்ச்சிக் கெட்டிப் பாகாகும் கூப்பதம் வந்ததும் தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றி ஆறவிடுவார்கள். அதனால்தான் கருப்பட்டிக்கு அந்த அரைவட்ட வடிவம். மற்ற மாதங்களில் கருப்பட்டியும் புட்டுக்கருப்பட்டியும் கடையில் கிடைக்கும். சர்க்கரை கலந்தது பளபளவென்று இருக்கும். நல்ல கருப்பட்டி மங்கலாக, உள்ளே ஈரப்பதத்தோடு இருக்கும், வாயில் போட்டால் லேசாக உப்புக் கரிக்கும்.

மாலை 4 மணிக்கு மணப்பாடு. கடலுக்குள் மூக்கு நீட்டிய மணல்குன்று, அதன் உச்சியில் 1581-ல் கட்டிய திருச்சிலுவை ஆலயம். 1542-ல் இந்தக் கரைக்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியார் தங்கித் தவமிருந்ததாகச் சொல்லும் குகை குன்றின் கடலோரச் சரிவில் இருக்கிறது. ஒரு பக்கம் அலையடிக்கும் கடல், மறுபக்கம் அமைதியான உப்பங்கழி. கீழே போர்த்துக்கீசியச் சாயலில் பழைய வீடுகள். நாங்கள் போனது கிறிஸ்துமஸ் முடிந்த வாரம், ஒவ்வொரு வாசலிலும் நட்சத்திரம் தொங்கியது. பனையோலைப் பெட்டிகளை இங்கே பெண்கள் முடைகிறார்கள். கருப்பட்டி வைக்க ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அஞ்சறைப்பெட்டி மாதிரி பயன்படும். திருச்செந்தூரில் தங்கல்.

8. ஐந்தாம் நாள்: எட்டயபுரம் வழியாக வீடு

காலையில் ஆத்தூர் வெற்றிலை ஒரு கவுளி, பெரியவர்களுக்கு. தூத்துக்குடியை நெருங்கும்போது சாலையின் இருபுறமும் உப்பளங்கள். வெள்ளைக் குவியல்களைப் பார்த்ததும் வண்டியை ஓரங்கட்டுங்கள். ஊருக்குள் போய் முந்திரி மக்ரூன் வாங்கி, மதுரை சாலையைப் பிடித்தால் எட்டயபுரம்.

இந்த ஊரை அவசரமாகப் பார்க்காதீர்கள். 1882 டிசம்பர் 11-ல் பாரதி பிறந்த வீடு பெருமாள் கோயில் தெருவில் இருக்கிறது. சின்ன வீடு. தாழ்ந்த கூரை, குறுகிய நடை. "இவ்வளவு சின்ன வீட்லயா?" என்றாள் மகள். கல்கி முன்னின்று பொதுமக்களிடம் பணம் திரட்டி எழுப்பிய மணிமண்டபம் 1947-ல் திறக்கப்பட்டது. அதையும் பாருங்கள். அதோடு கிளம்பிவிடாதீர்கள். கர்நாடக இசை மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதர் 1835-ல் காலமானது இங்கேதான், அவர் சமாதியும் இங்கேதான். நபிகள் நாயகத்தின் வரலாற்றைச் சீறாப்புராணமாகத் தமிழில் பாடிய உமறுப் புலவர் அடங்கியிருப்பதும் இதே ஊரில். பாரதி, தீட்சிதர், உமறுப் புலவர் மூவரின் இடங்களும் ஒன்றுக்கொன்று பக்கம். ஆட்டோக்காரரிடம் "மூணு இடமும்" என்று சொன்னாலே போதும், அவருக்குத் தெரியும்.

தீட்சிதர் சமாதியில் நாங்கள் போனபோது யாரும் இல்லை. மாமியார் தரையில் உட்கார்ந்து, தனக்குத் தெரிந்த ஒரு கீர்த்தனையை மெல்லிய குரலில் முழுதாகப் பாடினார். அவர் பாடி நான் கேட்டது அதுவே முதல் முறை. பிள்ளைகள் அசையாமல் நின்றார்கள்.

அருப்புக்கோட்டை தாண்டினால் இரண்டு மணி நேரத்துக்குள் மதுரை. வீட்டுக்கு வந்ததும் பாயை விரித்து நிழலில் ஒரு நாள் காயவிடுங்கள், காருக்குள் பட்ட ஈரம் போய்விடும். கருப்பட்டியைச் செய்தித்தாளில் சுற்றி ஓலைப்பெட்டியில் வைத்து உலர்ந்த இடத்தில் தூக்கி வையுங்கள். மழைக்காலத்தில் கசியும், அதனால் அதற்கு முன்பே தீர்த்துவிடுங்கள். வெற்றிலையை ஈரத் துணியில் சுற்றுங்கள். அப்பளம் காற்றுப் புகாத டப்பாவில்.